திண்டிவனம் டு விழுப்புரம்... காதுக்குள் ஆனந்த சங்கர்!

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டி ஏறி, ஜன்னல் சீட் பிடிச்சாச்சா? டிக்கெட் வாங்கியாச்சா? அப்படியே ஹெட்போனை எடுத்து மாட்டுங்க. நீங்க விழுப்புரத்தில் இறங்குவதற்குள் ஓர் இசைத்தட்டை முழுசாகக் கேட்டுவிடலாம். தட்டின் பெயர், 'ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக்'. வெளியான ஆண்டு 1975.

முதல் நிமிஷத்திலேயே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். இது ஜெய்சங்கர் நடித்த ஏதோ சி.ஐ.டி படத்தின் துரத்தல் காட்சியா? இல்லை, போன வருஷம் யாரோ லேப்டாப்பில் செய்த ரீமிக்ஸா? சிதார் ஒரு பக்கம், கிடார் ஒரு பக்கம், நடுவில் தபேலாவும் நம்ம ஊர் மிருதங்கமும் டிரம்ஸும். இதற்கெல்லாம் மேலே, தண்ணீருக்குள்ளிருந்து யாரோ விசில் அடிக்கிற மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் ஒரு சத்தம். அந்த வழுக்கல்தான் மோக் சின்தசைசர்.

உலகம் முழுக்க இப்போது பழைய சின்தசைசர் தட்டுகளைத் தேடி எடுக்கிற மோகம் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் எழுபதுகளின் கடைசியில் பங்க் இசை அடங்கிய பிறகு, 'போஸ்ட் பங்க்' என்ற பெயரில் சின்னச் சின்ன கம்பெனிகள் போட்ட தட்டுகளுக்கு இன்று தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது. 'ஜாய் டிவிஷன்' குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980-ல் 23 வயதில் இறந்தார். அவர் இறந்த பிறகு பிறந்த பிள்ளைகள் அந்தக் குழுவின் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அந்தத் தேடல் இந்தியப் பக்கம் திரும்பியபோது சிக்கிய பெரிய புதையல்களில் ஒருவர்தான் ஆனந்த சங்கர். வாழ்ந்த காலத்தில் பெயர் இல்லாதவர் அல்ல. ஆனால், அவர் செய்ததில் முக்கியமானது எதுவோ, அதை 20 வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. அதுதான் கதை.

பஸ் கிளம்பிடுச்சு. வாங்க, ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

மெட்ராஸில் தொடங்கும் தொடர்பு

1942 டிசம்பர் 11. இமயமலை அடிவாரத்தில் இருக்கும் அல்மோராவில் ஆனந்த சங்கர் பிறந்தார். அப்பா உதய சங்கர், அம்மா அமலா சங்கர். இருவருமே நடனக் கலைஞர்கள். சித்தப்பா ரவிசங்கர் என்று சொன்னால் குடும்பத்தின் உயரம் உங்களுக்குப் புரிந்துவிடும். ஆனால், அந்தக் குடும்பத்தில் முதலில் உலகப் புகழ் பெற்றது சிதார் இல்லை, நடனம்தான். உதய சங்கர் 1920-களிலேயே ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவோடு மேடை ஏறியவர். சின்னப் பையனாக அண்ணனின் குழுவில் நடனம் ஆடித்தான் ரவிசங்கரே தொடங்கினார்.

அல்மோராவில் உதய சங்கர் ஒரு கலை மையம் நடத்தினார். பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்க அங்கே போனவர் யார் தெரியுமா? பாலசரஸ்வதியின் குரு கந்தப்ப பிள்ளை. கதகளிக்கு சங்கரன் நம்பூதிரி, இசைக்கு அலாவுதீன் கான். பின்னாளில் இந்தி சினிமாவின் பெரிய இயக்குநரான குரு தத் அங்கே மாணவர். இப்படிப்பட்ட இடம் பணம் இல்லாமல் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. ஆனந்துக்கு விவரம் தெரிவதற்குள் பிறந்த இடமே கலைந்துபோனது.

அடுத்து உதய சங்கர் வந்து சேர்ந்த ஊர், நம்ம மெட்ராஸ். எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில் 'கல்பனா' என்ற படத்தை எடுத்தார். முழுக்க முழுக்க நடனத்தால் சொல்லப்பட்ட படம். கதாநாயகனும் கதாநாயகியும் ஆனந்தின் அப்பா அம்மாதான். கேமரா, கே.ராம்நாத். ஒரு நடனத்தில் சின்னப் பெண்ணாக ஆடியவர், பின்னாளில் 'நாட்டியப் பேரொளி'யான பத்மினி. அவர் திரையில் தோன்றிய முதல் படம் இது. 1948-ல் வெளியானது. கல்லா கட்டவில்லை. உதய சங்கர் அதன் பிறகு இன்னொரு படம் இயக்கவே இல்லை.

இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருவோம்.

சித்தப்பாவிடம் கற்காத சிதார்

கூட்டேரிப்பட்டு வந்தாச்சு. மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் இறங்கிக்கொள்வார்கள். நாம் குவாலியர் போவோம்.

ஆனந்த் படித்தது குவாலியரின் சிந்தியா பள்ளியில். பிறகு பனாரஸ் இந்து பல்கலைக்கழகம். அங்கே சிதார் கற்றது லால்மணி மிஸ்ராவிடம். வீட்டில் ரவிசங்கர் என்ற மலை இருக்கும்போது ஏன் வெளியே போய்க் கற்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். நம் பக்கத்துக் கச்சேரிக் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சர்யமாக இருக்காது. பெரிய மரத்தின் நிழலில் செடி வைத்தால், வெயில் கிடைக்காது. வேறு குரு என்பது வேறு வழி. அந்த வழி அவருக்குத் தேவைப்பட்டது என்றுதான், பின்னால் அவர் செய்ததை வைத்துப் பார்க்கும்போது தோன்றுகிறது.

அறுபதுகளின் கடைசி. பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன், ரவிசங்கரிடம் சிதார் கற்றுக்கொண்டிருந்த காலம். 1967-ல் மான்டெரே, 1969-ல் வுட்ஸ்டாக் என அமெரிக்க ராக் திருவிழாக்களில் ரவிசங்கர் வாசித்தார். அதே காலத்தில் ஆனந்தும் லாஸ் ஏஞ்சலீஸ் போனார். அங்கே ஜிமி ஹென்ட்ரிக்ஸ் உள்ளிட்ட பலரோடு சேர்ந்து வாசித்தார். சித்தப்பா மேற்கத்திய மேடையில் சுத்தமான ராகத்தை வைத்தார். மகன் அந்த ஊர் இசைக்குள்ளேயே இறங்கிவிட்டார். இருவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

1970-ல் ரிப்ரைஸ் கம்பெனி அவருடைய முதல் தட்டை வெளியிட்டது. பெயர் வெறுமனே 'ஆனந்த சங்கர்'. வயது 27. ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஜம்பின் ஜாக் ஃபிளாஷ்', டோர்ஸின் 'லைட் மை ஃபயர்' இரண்டும் அதில் சிதாரில் வரும். மேற்கில் இன்றும் பலர் அதைத்தான் முதலில் போடுவார்கள். நீங்கள் அதைத் தாண்டி 'சாகர்' என்பதைக் கேளுங்கள். 13 நிமிஷம். கடல் என்று பொருள். மோக் சின்தசைசர் அலையாக வந்து வந்து போக, சிதார் படகு மாதிரி அதன்மேல் மிதக்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டிய சமாச்சாரம்.

அது என்ன மோக்?

ராபர்ட் மோக் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1964-ல் உருவாக்கிய கருவி. பெயரை 'மூக்' என்றும் சொல்வார்கள். அவர் குடும்பத்தில் 'மோக்'தான். வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. தந்தி இல்லை, தோல் இல்லை, காற்று இல்லை. மின்சாரத்தை வேகமாக அதிரவைத்தால் அது ஸ்பீக்கரில் சத்தமாக வரும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் சுருதி ஏறும், குறைத்தால் இறங்கும். ஃபில்டர் என்ற இன்னொரு பகுதி, அந்தச் சத்தத்தில் வேண்டாததைச் சீவி எடுக்கும். திருகுகளைத் திருப்பித் திருப்பி, தட்டு தடுமாறி ஒரு சத்தத்தைப் பிடிக்க வேண்டும்.

அந்தக் கால மோக்கில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். அறை சூடானால் சுருதி விலகும். கோளாறு மாதிரி தெரியும் இந்த இரண்டுமே நம் இசைக்குப் பொருந்திப்போகிற குணங்கள். நமக்கும் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தானே? ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்குவதுதானே கமகம்? ஆனந்துக்கு அது பிடிபட்டது. சிதாரில் தந்தியை இழுத்துச் செய்வதை, மோக்கில் மின்சாரத்தை இழுத்துச் செய்யலாம் என்று அந்தத் தட்டுகள் காட்டுகின்றன.

கல்கத்தாவின் தெருக்கள்

விக்கிரவாண்டி டோல்கேட். வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். இந்த இடைவெளியில் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா' ஓடட்டும்.

அமெரிக்காவில் ஒரு தட்டு போட்டவர் அங்கேயே தங்கி இருக்கலாம். ஆனந்த் எழுபதுகளின் தொடக்கத்தில் கல்கத்தா திரும்பினார். மிருணாள் சென்னின் 'கோரஸ்' படத்துக்கு இசையமைத்தார். 1974-ம் ஆண்டின் சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு வந்ததுதான் இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் தட்டு. இதில் வேறு யாருடைய பாட்டும் இல்லை என்பதுபோலத் தன் சொந்தக் குரலில் நின்றார். டிராம், கைரிக்‌ஷா, கூட்டம், வியர்வை எல்லாம் சேர்ந்த ஊரின் சத்தத்தை சிதாரும் மோக்கும் மாறி மாறித் துரத்தும். 'டான்சிங் டிரம்ஸ்' என்ற இன்னொன்றில் தாளக் கருவிகள் எல்லாம் ஒன்றையொன்று வம்புக்கு இழுக்கும்.

திரௌபதி அம்மன் கோயில் கூத்து பார்த்து வளர்ந்தவரா நீங்கள்? விடிய விடிய மிருதங்கமும் முகவீணையும் தாளமும் கலந்து ஏறுமே, அந்த ஏற்றத்தை இதில் கேட்பீர்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் கிடையாது. ஆனால், உடம்பு ஆடுவதற்காகச் செய்த இசைக்கு எந்த ஊரிலும் ஒரே குணம்தான். அவர் நடனக் குடும்பத்துப் பிள்ளை. மனைவி தனுஸ்ரீ சங்கரும் நடனக் கலைஞர். அவருடைய நடனக் குழுவுக்கு ஆனந்தின் இசை, ஆனந்தின் மேடைக்கு அவருடைய நடனம் என்று இருவரும் சேர்ந்தே இயங்கினார்கள்.

பிறகும் அவர் நிற்கவில்லை. 1977-ல் அப்பா உதய சங்கர் காலமானார். அந்த ஆண்டிலேயே 'மிஸ்ஸிங் யூ' வந்தது. 1978-ல் 'எ மியூசிக்கல் டிஸ்கவரி ஆஃப் இந்தியா'. 1981-ல் வந்த தட்டின் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: 'ச-ரி-க மச்சான்'. நம்ம மச்சான் இல்லைங்க. வடக்கே மச்சான் என்றால், காட்டில் விலங்குகளைப் பார்க்க மரத்தின் மேல் கட்டும் பரண். அந்தப் பரணில் உட்கார்ந்து காட்டின் சத்தங்களைக் கேட்பதுபோன்ற இசை.

இத்தனை செய்தும் அவர் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கவில்லை. சாஸ்திரிய சங்கீத சபைக்கு இது சங்கீதம் இல்லை. சினிமா ரசிகனுக்குப் பாட்டு இல்லை. ராக் ரசிகனுக்கு சிதார் மோகம் அறுபதுகளோடு முடிந்துவிட்டது. எண்பதுகளில் கேசட் வந்ததும் எல்.பி தட்டுகள் மளமளவெனக் கடைகளிலிருந்து காணாமல்போயின. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அப்போது ரெக்கார்டிங் சென்டர்கள் வைத்ததுதான் சட்டம். பேப்பரில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால், ரெண்டு நாளில் 60 நிமிஷ கேசட்டில் பதிந்து தருவார்கள். அந்த வரிசையில் ஆனந்த சங்கருக்கு இடமேது? 1975 தட்டு மறுபதிப்பு இல்லாமல் முடங்கியது.

லண்டனில் கிடைத்த இரண்டாம் வாழ்க்கை

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை தாண்டியாச்சு. கதையின் திருப்பம் இங்கேதான்.

தொண்ணூறுகளின் நடுவில் லண்டன் கிளப்புகளில் டி.ஜே-க்கள் பழைய தட்டுக் கடைகளின் பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து, தாளம் மட்டும் தனியே ஓடும் சில நொடிகள். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழலிகளில் வைத்து, அந்த நொடிகளையே மாற்றி மாற்றி ஓட்டினால் கூட்டம் நிற்காமல் ஆடும். அப்படித் தேடியவர்கள் கையில் 'டான்சிங் டிரம்ஸ்' கிடைத்தது. அப்புறம் என்ன? 1996-ல் புளூ நோட் கம்பெனி வெளியிட்ட 'புளூ ஜூஸ்' தொகுப்பில் 'டான்சிங் டிரம்ஸ்', 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா' இரண்டும் இடம்பிடித்தன. 21 வருஷம் கழித்து அந்தத் தெருக்களில் மறுபடி கூட்டம்.

அதே காலத்தில் லண்டனின் தெற்காசியப் பிள்ளைகள் தபேலாவையும் கம்ப்யூட்டரையும் கலந்து ஒரு புது இசையைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். தல்வின் சிங் அதில் முக்கியமானவர். 'ஸ்டேட் ஆஃப் பெங்கால்' என்ற பெயரில் இயங்கிய சாம் ஜமான் இன்னொருவர். தாங்கள் இப்போது தேடுவதை ஒருவர் தங்கள் சிறுவயதிலேயே செய்து முடித்திருக்கிறார் என்பது அவர்களுக்குப் பெரிய கண்டுபிடிப்பு. ஐம்பது வயதைத் தாண்டிய ஆனந்த சங்கர் மறுபடி விமானம் ஏறினார். சாம் ஜமானோடு சேர்ந்து இங்கிலாந்து மேடைகளில் வாசித்தார். பேரப்பிள்ளை வயதுக் கூட்டம் எதிரே ஆட, தன் பழைய இசையை அவர் புதிதாக வாசித்தார். இருவரும் சேர்ந்து ஓர் ஆல்பமும் உருவானது. பெயர் 'வாக்கிங் ஆன்'.

அது 2000-ல் வெளியானது. அதைக் கையில் வாங்கிப் பார்க்க அவர் இல்லை. 1999 மார்ச் 26 அன்று மாரடைப்பு. வயது 56. 1975 தட்டு சி.டி-யாக மறுபடி வந்தது 2005-ல்.

இது அவர் ஒருவரின் கதை மட்டும் அல்ல. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கக் கலைஞர் ஒரு மோக் சின்தசைசரை நிறுவினார். அதில் இந்தியர்கள் பதிவு செய்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்து, 2023-ல்தான் தொகுப்பாக வந்தன. மும்பையின் சரண்ஜித் சிங் 1982-ல் டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை சின்தசைசரில் வாசித்துத் தட்டு போட்டார். அன்று விற்கவில்லை. 2010-ல் நெதர்லாந்து கம்பெனி ஒன்று அதை மறுவெளியீடு செய்தபோது, சிகாகோவில் பிறந்த 'ஆசிட் ஹவுஸ்' இசையின் சாயல் அதற்குச் சில வருஷம் முன்பே இங்கே இருந்திருக்கிறதே என்று உலகம் வாயைப் பிளந்தது. நம்ம சென்னையில் ஆர்.கே.சேகரை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளப் பட இசையமைப்பாளர், 1976-ல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. அந்த வாத்தியங்களுக்கு நடுவில் வளர்ந்த மகன்தான் ஏ.ஆர்.ரஹ்மான்.

உங்கள் வீட்டுப் பரண்

'கல்பனா'வை நினைவில் வைக்கச் சொன்னேன் இல்லையா? மெட்ராஸில் எடுத்துத் தோற்ற அந்தப் படத்தை, மார்ட்டின் ஸ்கார்செஸியின் அமைப்பு சீரமைத்து 2012-ல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டது. 92 வயதில் அமலா சங்கர் நேரில் வந்து பார்த்தார். கணவர் போய் 35 வருஷம், மகன் போய் 13 வருஷம். இருவரின் உழைப்பும் திரும்பி வந்ததைப் பார்க்க அந்த வீட்டில் அவர் இருந்தார். 2020-ல் 101 வயதில் அவரும் மறைந்தார்.

இரண்டுமே தப்பித்ததற்குக் காரணம் ஒன்றுதான். யாரோ ஒருவர் பிலிம் சுருளைத் தூக்கிப் போடவில்லை. யாரோ ஒருவர் தட்டை எடைக்குப் போடவில்லை.

விழுப்புரம் வரப்போகிறது. அதற்குள் ஒன்று. உங்கள் தாத்தா மைக் செட் வைத்திருந்தாரா? ஊர்த் திருவிழாவில் கூத்தை யாராவது டேப் ரெக்கார்டரில் பதிந்தார்களா? பாட்டியின் ஒப்பாரி, அப்பாவின் கல்யாணத்தில் வாசித்த நாகஸ்வரம்... ஏதாவது கேசட் பரணில் கிடக்கிறதா? ஆனந்த சங்கரின் தட்டு கம்பெனி அச்சடித்தது. கல்கத்தாவில் தொலைந்தாலும் லண்டனில் ஒன்று கிடைத்தது. உங்கள் வீட்டு கேசட்டுக்கு இரண்டாவது பிரதி கிடையாது. காயலான் கடைக்குப் போனால், போனதுதான்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். ஓட்டுக்கு அடியில் வெயில் இறங்கும் இடம் ஆகாது. சூட்டில் தட்டு வளைந்துவிடும். கேசட்டில் பூஞ்சை வெள்ளையாகத் தெரிந்தால், அப்படியே போட்டு ஓட்டாதீர்கள். நாடாவும் போகும், ஹெட்டும் கெடும். விவரம் தெரிந்த பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நன்றாக இருப்பதை ஒருமுறை முழுசாகச் சுற்றிவிட்டு, டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர் வழியாக கம்ப்யூட்டரின் ஆடியோ உள்ளீட்டுக்கு இணைத்து, 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம்தான் ஆகும். முக்கியமாக, பாடியது யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு இன்றைக்கே எழுதி வையுங்கள். குரல் கேசட்டில் இருக்கும், பெயர் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது.

தட்டும் முடிந்தது, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டும் வந்தாச்சு. இறங்குங்க. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா ஏணியை எடுத்து, அந்தப் பரணில் என்னதான் இருக்குன்னு ஒரு பார்வை பார்த்துடுங்க.